ஏலத்துக்கு வரும் 'தோட்டத்துக் காசு'

இணைய ஏலத் தளங்களில் 'சிலோன்' என்று தேடினால், யானை பொறித்த பழைய காசுகளுக்கும் தாளிப்பனை பொறித்த விக்டோரியா சதங்களுக்கும் நடுவே தேய்ந்த செப்பு வில்லைகள் சிலவும் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பு வணிக நிறுவனங்கள் வெளியிட்டவை அவை. விற்பவரின் விளக்கமோ கொழும்பை விட்டு நேரே மலையேறிவிடும். தேயிலைத் தோட்டத்தில் தமிழ்க் கூலிகளுக்குச் சம்பளமாகக் கொடுத்த அபூர்வக் காசு என்று சொல்லும். தோட்டம், கூலி, அபூர்வம் ஆகிய மூன்று சொற்களும் சேர்ந்துவிட்டால் விலை தானாக ஏறுகிறது.

ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனம் வேகந்த ஆலையின் பெயரில் வெளியிட்ட வில்லையையே எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கும் ஆண்டு 1843. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கியது 1867இல். 1843இல் மலையில் விளைந்தது கோப்பி. வேகந்த இருப்பது கொழும்பில். அங்கிருந்த களஞ்சியங்களில் கோப்பிக்கொட்டை தெரிந்தெடுத்தவர்களின் வேலைக்குக் கணக்காகக் கைக்குக் கொடுத்து, பிறகு காசாக மாற்றிக்கொண்ட வில்லைகள் இவை. எச்.டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் எழுதிய இலங்கை நாணயங்கள் பற்றிய நூலைப் புரட்டிப் பார்க்கிற எவருக்கும் இது தெரிந்துவிடும். வில்லை அசலாகவே இருக்கலாம். கொழுந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, அவ்வளவுதான்.

வெறும் வார்ப்புப் போலியைப் பிடிப்பது ஓரளவு எளிது. கோப்பி வில்லை செம்பு, விக்டோரியாவின் 50 சதம் வெள்ளி. இரண்டிலும் காந்தம் ஒட்டாது. அச்சில் ஊற்றி வார்த்த காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், எழுத்துகளின் முனை மழுங்கியிருக்கும், மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். இரண்டு பக்கமும் படம் போட்டு விளிம்பை மட்டும் காட்டாத விற்பனையாளரிடம் விளிம்புப் படம் கேட்க வேண்டும். எடையும் கேட்க வேண்டும். கிராம் கணக்கில் பதில் சொல்லத் தெரியாமல் 'தாத்தா வைத்திருந்தது' என்று கதை சொல்கிறவரிடம் வாங்காமல் விடுவதே நல்லது.

மலையகத்து வீடுகளுக்கு நெருக்கமான காசு இந்திய ரூபாய்தான். பிரித்தானிய ஆட்சியில் இலங்கைக்கென்று ஒரு ரூபாய் நாணயம் அடிக்கப்படவில்லை. 1872இல் ரூபாய்–சதம் கணக்கு வந்த பிறகும் புழங்கியது இந்திய வெள்ளி ரூபாய். அந்த ஆட்சியில் சதக் கணக்கில் சிலோன் பெயரில் வந்த வெள்ளிக் காசுகளில் பெரியது 50 சதம். இலங்கையின் சொந்த ஒரு ரூபாய் நாணயம் புத்த ஜயந்தி நினைவாக 1957இல்தான் வந்தது. ஆகவே 'விக்டோரியா கால சிலோன் ஒரு ரூபாய்' என்று எவராவது விற்றால் அது கற்பனைக் காசு. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வேலைகூட மிச்சம்.

இந்திய ரூபாயிலும் பொறி உண்டு. ஆறாம் ஜோர்ஜின் 1939ஆம் ஆண்டு ரூபாய் உண்மையிலேயே அரியது; 1938 ஓரளவு சாதாரணமாகக் கிடைப்பது. எனவே 8ஐச் சுரண்டி 9 ஆக்குகிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கடைசி இலக்கத்தைச் சுற்றிய வெள்ளி மட்டும் வேறு நிறத்தில் மின்னும், அல்லது அந்த இடம் சற்றே பள்ளமாக இருக்கும். இன்னொன்று, காசுமாலையில் கோத்த காசு. அதன் மேல்விளிம்பில் வளையம் பற்றவைத்திருப்பார்கள். வளையத்தைக் கழற்றி அராவி மெருகேற்றி 'புழங்காத காசு' என்று ஏலத்தில் விடுகிறவர்கள் உண்டு. விளிம்பின் வரிகள் ஓரிடத்தில் மட்டும் அழிந்திருந்தால் காரணம் அதுதான். வெள்ளியின் மதிப்பு போகாது. சேகரிப்பாளர் தரும் விலை போய்விடும்.

சீதா எலிய சீதை அம்மன் கோயிலுக்குப் பக்தர்கள் வந்துபோகும் நாட்டில் 'ராமர் காசு' விலைபோகாமல் இருக்குமா? ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் இருக்கும். கம்பனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை. சென்னையில் அது வெளியிட்ட வராகன்களில் திருமால் உருவம் இருந்தது உண்மை. அந்த உண்மையின் நிழலில்தான் இந்தப் பொய் நிற்கிறது. 1835ஆம் ஆண்டு நாணயச் சட்டத்துக்குப் பிறகு இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரியாக வந்த கம்பனிக் காசுகளில் தெய்வ உருவம் எதுவும் இல்லை. ராமர் வில்லை கோயில் வாசலில் விற்ற பக்திப் பொருள். பூஜையறையில் வைக்கலாம், அதற்காக நகையை அடகு வைக்கத் தேவையில்லை. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி முன்பணமும் வரியும் கேட்கிற கும்பல்கள் தன் பெயரையே பயன்படுத்துவதாக இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதே வலை இங்கேயும் முகநூல் வழியாக விரிய எந்தத் தடையும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கவலை தர வேண்டியது தகர டிக்கட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து ஆள் கட்டி வரும்போது, தோட்டத்தின் எண்ணும் ஆளின் இலக்கமும் குத்திய தகட்டைக் கழுத்தில் கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்தே வழியிலிருந்த முகாமிலிருந்து தோட்டம் வரை ஆளை அனுப்பி, செலவைத் தோட்டத்தின் பெயரில் எழுதினார்கள். அது நாணயம் அல்ல. ஆனால் நாணயச் சேகரிப்பாளர்களின் சந்தையில் அதற்கும் இடம் உண்டு. அரசி தலையோ நுண்ணிய வேலைப்பாடோ இல்லாத பொருள் அது. தகரமும் இலக்கம் குத்தும் உளியும் இருந்தால் எந்தப் பட்டறையிலும் ஒரு மாலைக்குள் பத்து செய்யலாம், உப்புநீரில் ஊறவைத்துத் துருவும் ஏற்றலாம். எந்தக் குடும்பத்திலிருந்து, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்ற விவரம் இல்லாத தகர டிக்கட்டை அசல் என்று உறுதிசெய்ய ஏலப் படம் போதாது.

இங்கேதான் ஏலத் தளங்களின் பொறுப்பு வருகிறது. நகல் நாணயங்களை விற்பதற்கு ஈபே 2012இல் தடை போட்டது. ஆனால் பொய்யான விளக்கத்தை எந்த மென்பொருளும் எளிதில் பிடிப்பதில்லை. 'கூலிக் காசு' என்று எழுதி ஒரு சமூகத்தின் துயரத்தை விலையேற்றும் உத்தியாக்குவதை வாங்குகிறவர்களே கேள்வி கேட்டு நிறுத்த வேண்டும். இன்னொரு பக்கம், லயத்துப் பெட்டிகளில் கிடக்கும் அசல் பொருட்கள் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விடுகின்றன. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பழைய காசு கையில் இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது சட்டப்படி குற்றம்.

அட்டனிலோ பொகவந்தலாவையிலோ நுவரெலியாவிலோ வீட்டில் பழைய காசோ தகர டிக்கட்டோ இருப்பவர்கள் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். விற்பதற்கு முன் இரு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நாணயங்கள் கொழும்பு கோட்டையில் மத்திய வங்கியின் நூதனசாலையில் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் வாழ்வின் பொருட்களைச் சேர்த்துவைக்கும் நூதனசாலை கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் இருக்கிறது.