லாஸ்பேட்டை ஓடுபாதை யாருக்கு?

2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னைக்கு வந்த பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், அங்கிருந்தபடியே புதுச்சேரி விமான நிலையத்தில் கடலோரக் காவல்படையின் விமானத் தளத்தைத் திறந்து வைத்தார். லாஸ்பேட்டை அன்று முதல் படைக்கும் மக்களுக்கும் பொதுவான நிலையம். ஆனால் அந்த நாளில் அங்கே பயணிகள் சேவை ஒன்றுகூட இல்லை! மார்ச் மாதமே நின்று போயிருந்தது.

படை வந்ததை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். 2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரி மீனவர் பலர் நடுக்கடலில் மாண்டனர். உதவி வரத் தாமதமாயிற்று என்ற குமுறல் கடற்கரையெங்கும் எழுந்தது. புதுவைக்கும் காரைக்காலுக்கும் அருகிலேயே ஹெலிகாப்டர் நிற்குமானால், கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு தத்தளிப்பவனுக்கு அது உயிர்ப்பிச்சை.

ஆனால் மக்களின் பங்கு என்ன ஆயிற்று? 2013-ல் பெங்களூருக்கு விமானம் வந்தது. அடுத்த ஆண்டே போயிற்று. 2015-ல் இன்னொரு கம்பெனி வந்தது. சில மாதங்களில் அதுவும் போயிற்று. 2017-ல் ஹைதராபாத் சேவை வந்தது, 2020-ல் கொரோனாவில் நின்றது, 2022-ல் மீண்டது, 2024 மார்ச்சில் மறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 20-ல்தான் மறுபடி தொடங்கியது.

ஏன் இந்தக் கண்ணாமூச்சி? ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர்தான். எழுபது பேர் ஏறும் ஏ.டி.ஆர். விமானம் இறங்கலாம், நூற்றெண்பது பேரைச் சுமக்கும் பெரிய விமானம் இறங்க முடியாது. சிறிய விமானத்தில் தலைக்கு ஆகும் செலவு அதிகம். லாபம் குறைந்ததும் கம்பெனி பறந்துவிடுகிறது. பாதையை நீட்டலாமென்றாலோ, பக்கத்து நிலம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரன் துண்டு துண்டாக விட்டுப்போன எல்லை இன்றும் குறுக்கே நிற்கிறது. கோப்பு புதுவைக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் நடையாய் நடக்கிறது.

கோவாவைப் பாருங்கள். போர்ச்சுகீசியர் கட்டிய டபோலிம் நிலையம், 1961 டிசம்பரில் கோவா விடுதலையான பின், 1962-ல் கடற்படையின் கைக்கு வந்தது. கடற்படை வீட்டுக்காரன்; பொதுமக்கள் குடித்தனக்காரர். கடற்படையின் பயிற்சி நேரத்தில் பயணிகள் விமானம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. முடிவில் மோபாவில் வேறொரு நிலையம் கட்டி, 2023 ஜனவரியில் சேவை தொடங்கினார்கள்.

லாஸ்பேட்டையில் நிலைமை தலைகீழ். இங்கே வீட்டுக்காரர் சிவில் விமான நிலைய ஆணையம். புதிதாக வந்தது படை. ஒப்பந்தத்தைத் தெளிவாக எழுத இதைவிட நல்ல காலம் வாய்க்குமா? நாளை ஓடுபாதை நீண்டு, படையின் பெரிய விமானங்களும் வந்து நின்ற பிறகு பேசிப் பயனென்ன?

நிலம் கொடுப்பவனையும் மறக்கலாகாது. யாழ்ப்பாணத்துப் பலாலியில், படைத்தளத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990-ல் வெளியேற நேர்ந்தது. 2019-ல் அங்கே சர்வதேச விமான நிலையம் திறந்தபோதும், பலர் தம் காணிக்குத் திரும்ப முடியவில்லை. அங்கே நடந்தது யுத்தம், இங்கே யுத்தமில்லை. ஆகவே இங்கே உழவனை விரட்டச் சாக்கும் இல்லை.

எனவே நாம் கேட்பது மூன்று. எந்த நேரம் படைக்கு, எந்த நேரம் பயணிக்கு என்பதை எழுத்தில் வடித்து ஊரறிய வெளியிட வேண்டும். இரண்டு சர்க்கார்களும் மத்திய சர்க்காரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நிலப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும். 2013-ம் ஆண்டு நிலச் சட்டம் சொல்லும் சமூகத் தாக்க ஆய்வும், நஷ்டஈடும், மறுவாழ்வும் முழுமையாகக் கிடைக்க வேண்டும். குறுக்கு வழி கூடாது.

வானம் எல்லோருக்கும் பொது என்கிறார்கள். தரையில் கிடக்கும் ஓடுபாதையும் அப்படியே இருக்கட்டும். இதைக் கிளைதோறும் பேசுங்கள், தோழர்களே!