பாடமாக்கி மறந்த ஐசோசிற்றிரேற்

ஏ.எல் உயிரியலில் கிரெப்ஸ் வட்டத்தைப் பாடமாக்கி, சோதனை முடிஞ்ச கையோட மறந்த ஆக்கள்தானே நாங்கள்? "இது எங்க உதவப்போகுது?" எண்டு நானும் கேட்டிருக்கிறன்.

2008இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 22 மூளைக் கட்டிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை வாசித்தார்கள். சந்தேகப்பட்டவற்றை மட்டுமல்ல, எல்லாவற்றையும். அகப்பட்டது ஐடிஎச்1. அந்த வட்டத்தில் வருகிற அதே ஐசோசிற்றிரேற்றை, குழியவுருவில் வைத்து மாற்றும் நொதியத்தின் மரபணு. அதில் விகாரம் இருந்தவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர். விகாரமடைந்த நொதியம் வேறொரு அமிலத்தை உண்டாக்கிக் கலத்துக்குள் குவிக்கிறது என்பது அடுத்த வருடமே தெரிந்தது.

அனுசேபத்தில் வரும் ஒரு சாதுவான நொதியத்தை அதுவரை யார் சந்தேகப்பட்டது?

2024இல் அந்த நொதியத்தைத் தடுக்கும் வொராசிடெனிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நோயைக் குணமாக்காது. மெதுவாக வளரும் சில கட்டிகள் பெருப்பதைப் பிற்போடும். 331 பேரில் நடந்த ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 11 மாதத்திலிருந்து 27 மாதத்துக்கு மேல் போனது.

இடையில் 16 வருடங்கள். "என்ன பிரயோசனம்?" எண்டு முதல் நாளே கேட்டுக் கதவைச் சாத்தியிருந்தால், அந்த மாதங்கள் யாருக்கும் கிடைத்திராது. பயன் தெரியாத தேடலுக்கும் காசு வேணும், பொறுமை வேணும். விடை எந்தப் பக்கத்தில் இருக்கெண்டு தெரிந்தால் பிறகு ஏன் தேடுவான்?