மண்வெட்டி பிடித்த கைக்குக் கணக்கு வராதா?

சொந்த நிலத்தில் தோட்டஞ் செய்தவர்கள் இடம்பெயர்ந்தபின் நாட்கூலிகளாயினர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களிடமும், 2009இல் வன்னியில் யாவற்றையும் விட்டு வந்தவர்களிடமும் இதனைக் கண்டோம். பிறர் காணியில் கொத்துவதும், கல் சுமப்பதும், அரிவு வெட்டுவதும் முப்பது வயதில் முடியும். ஐம்பதை நெருங்கும்போது இடுப்பு இடங்கொடாது. அப்படியான ஒருவரிடம், "அண்ணை, சங்கக் கணக்கை நீங்கள் எழுதுங்கோ" என்றால் சிரிப்பார். "அது படிச்ச பிள்ளையளின்ர வேலை" என்பார். இதனை நான் ஏற்கவில்லை.

கிராமத்துச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதவேண்டியவை எவை? காசேடு, பேரேடு, பற்றுச்சீட்டு, அங்கத்தவரின் சேமிப்புப் புத்தகம். கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல், நூற்றுவீதம் தெரிந்தால் தொடங்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவரும், தெரிந்த ஒருவரோடு சில மாதம் கூட இருந்து எழுதினால் பழகிவிடுவார். இப்போது எல்லாம் கணினி என்று சிலர் சொல்வர். கணினியில் ஏற்றிக்கொடுக்க ஒரு பிள்ளையைப் பிடிக்கலாம். இன்னாருக்குக் கடன் கொடுக்கலாமா என்று அது சொல்லாது.

அங்கேதான் வயதும் அநுபவமும் வேண்டும். நெல் விதைத்தவருக்கு மூன்று நான்கு மாதம் கையில் காசு வராது. அவரிடம் கிழமைக்குக் கிழமை தவணை கேட்டால், அதைக் கட்ட வேறிடத்தில் கடன்படுவார். போருக்குப் பின் வடக்குக் கிழக்கில் நுண்கடன் கம்பனிகள் பல இப்படித்தான் கொடுத்தன. ஈற்றில் 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. வயலில் நின்ற ஒருவர் அப்படியொரு தவணையை வகுத்திருக்கமாட்டார்.

வட்டியையும் பாருங்கள். 40,000 ரூபா கடன், ஒரு வருடம், 24 வீதம். முழுத் தொகைக்கும் வருடம் முழுவதும் வட்டி போட்டால் 9,600 ரூபா. முதலை 12 சம பங்காக மாதாமாதம் கட்டி, மிஞ்சிய நிலுவைக்கு மட்டும் மாதம் 2 வீதம் போட்டால் 5,200 ரூபா. கடதாசியில் இரண்டும் 24 வீதமே! வித்தியாசம் 4,400 ரூபா. எத்தனை நாட் கூலி அது? இதை ஒருமுறை தன் கையால் போட்டுப் பார்த்தவரை எளிதில் ஏய்க்க முடியாது.

சங்கடமும் உண்டு. காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவரைச் சொந்தக்காரர் நெருக்குவர். ஊர் சந்தேகப்படும். ஆகவே இரண்டு கையொப்பமின்றிக் காசு வெளியே போகக்கூடாது. ஒவ்வொரு மாலையும் இன்னொருவர் முன்னிலையில் காசை எண்ணிக் காசேட்டோடு ஒப்பிடவேண்டும். கூட்டுறவுத் திணைக்களத்தின் கணக்காய்வைத் தள்ளிப்போட விடக்கூடாது. இவை அவரையும் காப்பாற்றும்.

சம்பள விடயத்தில்தான் எமது சங்கங்கள் பிழைவிடுகின்றன. பொருளாளர் வேலை கௌரவ சேவை என்கின்றனர். காணியுள்ளவருக்கும் ஓய்வூதியகாரருக்கும் அது சரி. முகாமிலோ, உறவினர் வளவிலோ இருக்கும் கூலியாளுக்கு, கணக்கெழுதும் ஒரு நாள் அடுப்பெரியாத ஒரு நாள். வட்டி வருமானத்திலிருந்து அவருக்கு நாட்கூலிக்குக் குறையாத ஒரு தொகையை ஒதுக்குவதாக அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தீர்மானம் எழுதட்டும். அதன்பிறகு அவரைக் கேட்டுப் பாருங்கள்.