சாவி யார் கையில்?

‘பழங்குடி மக்களையும் புதிய தொழில்நுட்பத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்’ என்னும் குரல் இன்று எங்கும் ஒலிக்கிறது. நல்ல குரல்தான். ஆயினும், சேர்ப்பவர் யார், எந்த உரிமையோடு சேர்க்கிறார் என்று வினவாமல் அதற்குத் தலையசைக்க நம்மால் இயலாது. விருந்தினராக அமர்த்தப்படுவது வேறு. விருந்தாகவே பரிமாறப்படுவது வேறு.

நியூசிலாந்தின் மாவோரி மக்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1867-ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டம் அவர்தம் பிள்ளைகள்மீது ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகச் சுமத்தியது. தாய்மொழியில் பேசியதற்காகப் பள்ளியில் அடிபட்ட தலைமுறைகள் அங்கே உண்டு. 1987-இல்தான் அம்மொழி ஆட்சிமொழித் தகுதி பெற்றது.

அந்நாட்டின் வடகோடியில், கைட்டாயா என்னும் சிற்றூரில், ‘தெ ஹிக்கு மீடியா’ என்னும் மாவோரி ஒலிபரப்பு நிறுவனம் இயங்கிவருகிறது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் கணினி நிரலைத் தம் மொழிக்குத் தாமே படைத்திட அது முனைந்தது. 2018-இல் அது விடுத்த அழைப்பை ஏற்று ஏறத்தாழ 2,500 பேர் முன்வந்தனர். பத்தே நாள்களில் 300 மணி நேரத்திற்கும் மேற்பட்ட பேச்சு பதிவாயிற்று. அதனை மணிக்கணக்கில் விலைபேச வந்த அயல்நாட்டு நிறுவனத்திற்கு அவர்கள் இசையவில்லை. மாறாக, ‘கைட்டியாக்கிட்டங்கா’ எனப்படும் காப்பாளர் கடமையின் பெயரால் ஓர் உரிமம் வகுத்தனர். நிறுவனம் அக்குரல்களின் காவலரேயன்றி உடைமையாளர் அன்று. அவற்றின் பயன் மாவோரி மக்களையே சேரவேண்டும் என்பதே அதன் சாரம்.

இதற்கு மாறான வழியும் உண்டு. 2022-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘விஸ்பர்’ என்னும் பேச்சறி நிரலை வெளியிட்டது. இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளால் பயிற்றப்பட்டது அது. அவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணி நேரம் மாவோரி மொழிக்குரியது. அம்மக்களின் இசைவு எங்கே பெறப்பட்டது? தெ ஹிக்கு இக்கேள்வியை வெளிப்படையாகவே எழுப்பியது.

‘அறிவு அனைவர்க்கும் பொது, நிரலையும் இலவசமாகத்தானே தந்தார்கள், வேலி எதற்கு?’ என்பார் உளர். இலவசமாகத் தந்தது உண்மையே. ஆனால் வேலியற்ற வயலில் ஏரும் எருதும் உடையவனே மிகுதியாக அறுவடை செய்கிறான். பெருங்கணினிகளும் பெரும்பொருளும் எவரிடம் உள்ளனவோ அவருக்கே ‘பொது’ பெரிதும் பயன்படுகிறது. மேலும், அயலார் செய்த பொறி ஒரு சொல்லைத் தவறாக எழுதி, அதையே பிள்ளைகள் சரியெனக் கற்கத் தொடங்கினால், திருத்தும் அதிகாரம் யாருக்கு? அன்று மொழியைப் பிரம்பால் பறித்தனர். இன்று அதனைக் கேளாமலே எடுத்து, அம்மக்களிடமே திருப்பித் தருகின்றனர். இரண்டிலும் கேட்கப்படாதவர் அவர்களே.

இது தொலைதூரத் தீவின் கதை மட்டுமன்று. நம் நீலகிரியில் தோடரும் கோத்தரும் இருளரும் தத்தம் மொழி பேசி வாழ்கின்றனர். நாளை ஒலிப்பதிவுக் கருவியோடு அம்மலையேறுவோர் நம் பிள்ளைகளாகவும் இருக்கலாம். அவர்கள் முதலில் எடுத்துச் செல்லவேண்டியது கேள்வியையே: ‘இது உங்களுக்கு வேண்டுமா? வேண்டுமெனில், எந்நிபந்தனையில்?’ ‘வேண்டாம்’ என்னும் விடையையும் மதித்துத் திரும்பத் துணிந்தவர்க்கே, ‘சேர்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் தகுதி உண்டு.