மணி வேறு, மணி நேரம் வேறு

சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையிலுள்ள பொங்கோல், ஒரு காலத்தில் பண்ணைகளும் மீனவர் குடியிருப்புகளும் நிறைந்த சிற்றூர். 2015ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே ‘நார்த்ஷோர் ரெசிடென்சஸ்’ அடுக்குமாடி வீடுகளை விற்பனைக்கு விட்டபோது, அறிவார்ந்த இல்லத்துக்குரிய மின் வசதிகள் அவற்றில் அமையும் என அறிவித்தது. இன்றோ, கதவு திறப்பதையும் அறையில் ஆள் நடமாடுவதையும் உணர்ந்து கைப்பேசிக்குத் தெரிவிக்கும் கருவிகள் எவ்வீட்டிலும் பொருத்தத்தக்க எளிய பொருள்களாகிவிட்டன. அக்கருவி கூறும் செய்தியில் பாதி, ‘என்ன நிகழ்ந்தது’ என்பது. மறுபாதி, ‘எப்போது நிகழ்ந்தது’ என்பது. அம்மறுபாதியைத் தமிழில் செவ்வனே கூறும் பொறுப்பு யாருடையது?

“எண்ணுக்கு மொழியில்லை, நேரம் பொறியாளர் பாடு, தமிழாசிரியருக்கு அங்கென்ன வேலை?” என்பர் ஒரு சாரார். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. அதனாலேயே அது பலரை ஏமாற்றுகிறது.

கருவிக்குள் நேரம் எண்ணாகவே உறைதல் வேண்டும் என்பது உண்மை. கணினிகள் பல, 1970 ஜனவரி 1, கிரீனிச் நள்ளிரவு தொடங்கிக் கழிந்த விநாடிகளை எண்ணிக் காலத்தைக் குறிக்கின்றன. 1767197400 என்னும் எண் உலகெங்கும் ஒரே கணத்தைச் சுட்டும். ஊர்க் கடிகாரமோ மாறுவது. 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11.30க்குச் சிங்கப்பூர்க் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அக்கணமே 1982 பிறந்தது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வகுத்ததை ஒட்டி வந்த மாற்றம் அது. அன்றிரவு 11.45 என்றொரு பொழுதே இந்நகரில் இல்லை! ஆகவே, ஊர்க் கடிகாரத்தை மட்டும் பதிந்து வைப்பது நீர்மேல் எழுத்தே.

ஆயின், சேமிப்பது வேறு, காட்டுவது வேறு. மனிதன் கண்ணுக்கு வரும்போது அவ்வெண் மொழியாகிறது. மேற்சொன்ன எண் சிங்கப்பூரில் 2026 ஜனவரி 1, வியாழக்கிழமை, 00:10 ஆகும். தமிழ் பேசும் இல்லத்திலோ அதன் பெயர் ‘புதன்கிழமை இரவு 12.10’. நம் பேச்சு வழக்கில் இரவு, முந்திய பகலைச் சார்ந்தது. பொழுது விடிந்தால்தான் மறுநாள். பொங்கோலில் தனித்து வாழும் ஒரு முதிய தாயின் வீட்டுக் கதவு அந்நேரத்தில் திறந்தது எனக் கொள்வோம். சில நாள் கழித்துப் பதிவைப் பார்க்கும் மகளுக்கு, ‘வியாழன் இரவு 12.10’ என்று திரை காட்டினால் ஒரு நாள் பிசகும், ‘வியாழன் 12.10’ என்று காட்டினால் நண்பகலென்றே அவள் எண்ணுவாள். ‘புதன்–வியாழன் நள்ளிரவு 12.10’ என்றால் ஐயத்துக்கு இடமேது?

இதனினும் பெரும்பிழை மற்றொன்று. ஆங்கிலச் சுருக்கத்தைக் கண்மூடிப் பெயர்த்து ‘அசைவு இல்லை: 5 மணி’ என்று எழுதினால் என்ன பொருள்? தாய் ஐந்து மணிக்கு அசையவில்லையா, ஐந்து மணி நேரமாக அசையவில்லையா? மணி என்பது கணம். மணி நேரம் என்பது அளவு. தொடக்கப்பள்ளி மாணவன் அறிந்த இவ்வேறுபாட்டை அறிவார்ந்த கருவி அறியாதிருக்கலாமா?

நிகழ்ந்த நேரமும் செய்தி வந்த நேரமும் ஒன்றல்ல என்பதும் நினைக்கத்தக்கது. இணைப்பு அறுந்து, காலை 6 மணி அசைவு 9 மணிக்கு வந்து சேரலாம். ‘அசைந்தது: காலை 9’ என்று திரை கூறினால், அது மகளுக்குத் தருவது பொய்யான ஆறுதல். அந்த மூன்று மணி நேரத்துள் தாய் விழுந்து கிடந்தால்?

“தமிழில் சொல் ஏது?” என்போரும் உளர். நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதாக வகுத்த மொழி இது. ஒருங்குறி அமைப்பின் மொழித் தரவுக் களஞ்சியத்திலும் அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என்னும் பெயர்கள் தமிழுக்கென இடம்பெற்றுள்ளன. சொல் இல்லை என்பது பொய். எடுத்தாளும் மனம் இல்லை என்பதே மெய். “எல்லாரும் ஆங்கிலம் அறிவரே” என்பதும் பொருந்தாது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றான நாட்டில், தன் வீட்டைப் பற்றிய செய்தியைத் தானே படித்தறியும் உரிமை அம்முதிய தாய்க்கும் உண்டு.

எனவே தமிழாசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். மாணவர்கள் தம் வீட்டுத் திரைகளில் தோன்றும் தமிழ் நேரக் குறிப்புகளைத் தொகுத்து, கணமா, அளவா, எந்நாள் இரவு, நிகழ்ந்த நேரமா, வந்த நேரமா என வினவுதல் வேண்டும். பிழை கண்டால் உற்பத்தியாளர்க்கு எழுதுதல் வேண்டும். எண்ணைப் பொறியாளர் காக்கட்டும். அதைப் பொழுதாகச் சொல்லும் பணி தமிழ் கற்றோருடையது. அதனை அவர்கள் கைவிட்டால், பொருளறியாதார் செய்த பெயர்ப்பே நம் இல்லங்களின் மொழியாகிவிடும்.