ஓர் அங்குல ஆசை
அமெரிக்க வேட்டைக்காரர்களில் ஒரு சாரார் கடையில் விற்கும் தோட்டாவைத் தொடுவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, பற்றவைக்கும் பிரைமரைப் புதிதாகப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டைச் செருகித் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். நிறுக்கும் கணக்கு கிரெய்ன். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். அந்த ஒரு கிரெய்னிலும் பத்தில் ஒரு பங்கு கூடியதா குறைந்ததா என்று தராசை முறைத்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் எதற்கு? 100 கஜத் தொலைவில் உள்ள காகிதத்தில் விழும் துளைகள் ஓர் அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். மானின் உயிர்நிலையோ அதைப்போலப் பல மடங்கு அகலம். 1906-இல் ராணுவத்துக்காக வந்து இன்றும் வேட்டையில் புழங்கும் .30-06 வகையில் கடைத் தோட்டாவே அதற்குத் தாராளம். சிக்கனம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் (மிச்சம் பிடித்த காசு கூடுதலாகச் சுடுவதில் கரைந்துவிடும் என்பது வேறு விஷயம்). வேட்டையில் எனக்குத் துளியும் நாட்டமில்லை, ஆனாலும் இந்தப் பைத்தியம் புரிகிறது. துப்பாக்கிக் குழல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு; ஒரே ஆலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி ஏற்பதில்லை. மருந்தின் அளவையும் குண்டு கூட்டுக்குள் இறங்கும் ஆழத்தையும் இம்மி இம்மியாக மாற்றி குழலின் மனத்தை அறிய வேண்டும். துளைகள் ஒன்றையொன்று தொட்டு விழுந்த காகிதத்தை வெட்டிப் பர்ஸில் வைத்திருப்பவர்களும் உண்டு. பேரப்பிள்ளையின் படத்தை அதற்கு அப்புறம்தான் காட்டுவார்கள்.