"சுகமாகிட்டுது" என்ற சொல்லில் இருக்கிற ஆபத்து

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எண்டு டொக்டர் சொன்னதும் எங்கட ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி: "இது சுகமாகுமா?" என் பதில்: பலருக்கு அடக்கலாம், திரும்ப வராது என்று சத்தியம் பண்ண ஏலாது.

இதில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும். அந்தக் குழப்பம் பெரும்பாலும் நுரையீரலில் இருந்து இரத்தம் கொண்டுவரும் நாளங்களில் தொடங்குகிறது என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். அப்லேஷன் சிகிச்சை அந்த வழியைத்தான் மறிக்கிறது. சிலர் வருசக்கணக்காக நல்லா இருக்கினம். சிலருக்குத் திரும்ப வருது.

பிரச்சினை, "சுகமாகிட்டுது" என்று தாங்களே குளிசையை நிற்பாட்டுவது. இந்த நோய் பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய 5 மடங்காக்கும். துடிப்பு சீரானாலும், வயது, பிரஷர், சலரோகம் போன்றவற்றைப் பொறுத்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை தொடரவேண்டி வரலாம்.

எடை, பிரஷர், குடி, நித்திரையில் மூச்சடைப்பு ஆகியவற்றைக் கவனித்தால் திரும்ப வருவது குறையும். சரி, இரவு வேலை முடித்து பகலில் இன்னொரு வேலைக்கு ஓடுகிற ஆள் எப்ப நடக்கிறது, எப்ப நித்திரை கொள்ளுறது? அவரிடம் "வாழ்க்கைமுறையை மாற்றுங்கோ" என்று துண்டுப்பிரசுரம் நீட்டுவது பழியை அவர் தலையில் போடுவதுதான்.

ஆகவே, கிளினிக் போகச் சம்பளத்தோடு விடுப்பு கேட்போம். இங்கிலாந்தில் என்எச்எஸ் இலவசமாகத் தரவேண்டிய மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு வாங்குவோம். நீண்டகாலம் சமாளிக்க நேரமும் வேணும், விளங்குகிற மொழியும் வேணும்.